உணவுக் கோளாறு சிகிச்சையில் பிணைப்புப் பாணியும் சிகிச்சையாளர் உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் குழு ஒன்றில் உளவியலாளராக வேலை செய்கிறேன். நோயாளிகளும் பெற்றோரும் சில சமயம் இளம் ஆலோசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்தே நிற்கின்றன.

பிணைப்புப் பாணி, பிணைப்புப் பாணி என்கிறார்களே, அது என்ன?

மனம் நொந்துபோகும்போது யாரை நாடுகிறோம், நாடினால் கைகொடுப்பார்கள் என்று நம்புகிறோமா, அந்த நம்பிக்கை இல்லாதபோது எப்படிச் சமாளிக்கிறோம் என்பதில் ஒவ்வொருவருக்கும் பழகிப்போன ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி. அதைக் குழந்தைகளிடம் நேரில் பார்த்துச் சோதித்தவர் மேரி ஐன்ஸ்வொர்த். முதலில் உகாண்டாவில், பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில்.

ஐன்ஸ்வொர்த் செய்த சோதனை எளிமையானது. ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைப் பழக்கமில்லாத அறையில் விட்டுத் தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்புவார். சில குழந்தைகள் அழுதாலும் தாய் வந்ததும் ஆறி விளையாடப் போய்விடும்: இது பாதுகாப்பான பிணைப்பு. சில குழந்தைகள் தாயைப் பற்றிக்கொண்டே ஆறாமல் அழும்: பதற்றப் பிணைப்பு. சில குழந்தைகள் தாய் திரும்பியதையே கவனிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்: விலகல் பிணைப்பு. கடைசி வகைக் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பின்னாளில் அளந்து பார்த்தபோது, முகத்தில் காட்டாவிட்டாலும் உள்ளுக்குள் கலங்கித்தான் இருந்தன என்பது தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அணுகுவதா ஓடுவதா என்றே தெரியாமல் திகைக்கும் குழந்தைகளை மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1980களில் நான்காவது வகையாகச் சேர்த்தார்கள். 1987-இல் ஹாசனும் ஷேவரும் இதே எண்ணத்தைப் பெரியவர்களின் உறவுகளுக்கும் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் என் மகளுக்கு அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை மிகவும் குறைத்துவிடும் நோய்) வந்ததற்கு நான் வளர்த்த விதம்தான் காரணமா?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். இது மருத்துவத் துறையே ஏற்றிவைத்த சுமை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அனோரெக்சியாவைப் பற்றி எழுதிய பலர், குழந்தையின் தேவையைப் புரிந்துகொள்ளாத தாய் என்ற ஒரு பாத்திரத்தைக் கட்டியெழுப்பினார்கள். நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தவர்களில் முக்கியமானவரான ஹில்டே ப்ரூக்கின் எழுத்திலும் அந்தச் சாயல் உண்டு. ஆனால், நோய் வந்த பிறகு ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு, அங்கே தெரியும் பதற்றம்தான் நோயை உண்டாக்கியது என்று முடிவுகட்டுவது தவறு. கண்ணெதிரே பிள்ளை உருகிக்கொண்டிருக்கும்போது எந்த வீடு அமைதியாக இருக்கும்?

1987-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ஜெரால்ட் ரஸ்ஸல் குழு வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கி அதிகக் காலம் ஆகாத இளம் வயதினருக்குப் பெற்றோரைச் சேர்த்துக்கொண்ட சிகிச்சை தனிநபர் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது. காரணம் என்று பழிக்கப்பட்டவர்களே மருந்தாக ஆனார்கள். உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அமைப்பான அகாடமி ஃபார் ஈட்டிங் டிஸார்டர்ஸ் 2010-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, குடும்பத்தை முதன்மைக் காரணமாகக் காட்டும் எந்த விளக்கத்தையும் ஏற்கவில்லை. 2019-இல் பல நாட்டு நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வு, அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு மரபணுப் பகுதிகளைக் கண்டது. வளர்சிதை மாற்றத்தோடும் அந்நோய்க்கு உறவு உண்டு என்றது. பிணைப்பு இந்தக் கதையில் ஓர் இழை. அதை வைத்து யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

அனோரெக்சியா என்றால் விலகல், புலிமியா (அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் வெளியேற்றும் நோய்) என்றால் பதற்றம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரியா?

கேட்க அழகாக இருக்கிறது, நோயாளிகள்தான் அப்படி வருவதில்லை. உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் பாதுகாப்பற்ற பிணைப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. ஆனால் இந்த நோய்க்கு இந்தப் பாணி என்ற ஜோடி உறுதியாக நிற்கவில்லை. அனோரெக்சியாவில் தொடங்கிச் சில ஆண்டுகளில் புலிமியாவுக்கு மாறுபவர்கள் ஏராளம். அவர்களுடைய பிணைப்பும் அதே வாரத்தில் மாறிவிட்டதா என்ன?

இணையத்தில் ஒரு வினாத்தாள் நிரப்பினேன். "பதற்றப் பிணைப்பு" என்று வந்தது. நம்பலாமா?

ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. வினாத்தாள்கள் நாம் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதை அளக்கின்றன. 1980களின் நடுவில் உருவான வயதுவந்தோர் பிணைப்பு நேர்காணல் வேறு வகை. அதில் சிறுவயது பற்றிக் கேட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைவிட எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். "அம்மா தங்கமானவர்" என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவுகூர முடியாமல் போனால், அதுவே ஒரு தகவல். இந்த இரண்டு வழிகளிலும் வரும் முடிவுகள் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

எங்கள் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: பட்டினி ஆளையே மாற்றிவிடும். 1944 இறுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் ஆன்செல் கீஸ், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களுக்கு அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு தந்தார். எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. எரிச்சல் வந்தது, நண்பர்களைத் தவிர்த்தார்கள், நாள் முழுதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் பிணைப்பு வினாத்தாளைக் கொடுத்திருந்தால் பலருக்கு "விலகல்" என்றே வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆகவே எடை மிகக் குறைந்திருக்கும் ஒருவரின் பாணியை நான் பென்சிலால்தான் எழுதுவேன். உணவு சீரான பிறகு பார்த்தால் வேறு மனிதர் உட்கார்ந்திருப்பார்.

சிகிச்சையாளரோடு நல்ல உறவு அமைந்துவிட்டால் பாதி குணமாகிவிட்ட மாதிரிதானே?

உறவு என்பதில் என்னென்ன அடக்கம் என்பதைப் பொறுத்தது. எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்ன விளக்கம் இன்றும் பயன்படுகிறது: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதில் உடன்பாடு, இருவருக்குமிடையே ஒட்டுதல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சிகிச்சை உறவு. பலர் மூன்றாவதை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். இதமாகப் பேசி, மனம்விட்டு அழுது, இலேசாகி வீடு திரும்புகிறார்கள். அன்றைய இரவு உணவு மட்டும் நேற்றைப்போலவே இருக்கிறது.

கோபன்ஹேகனில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. புலிமியா உள்ள 70 பேரில் ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டு, உணர்வுகளையும் உறவுகளையும் பேசி ஆராயும் உளப்பகுப்பாய்வு முறைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு ஐந்து மாதத்தில் 20 அமர்வுகள், உண்ணும் பழக்கத்தை நேரடியாகக் கையாளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஐந்தாம் மாதத்தில் அளவுமீறி உண்பதையும் வாந்தி போன்ற வெளியேற்றத்தையும் நிறுத்தியவர்கள் இரண்டாம் பிரிவில் 42 சதவீதம், முதல் பிரிவில் 6 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் 44, 15. அந்த உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையை உருவாக்கியவர்களே நடத்திய ஆய்வு என்பதால் இந்த முடிவை வெளியிட்ட அவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. உணவுக் கோளாறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017 ஆய்வு ஒன்று, ஆரம்ப வாரங்களிலேயே அறிகுறி குறைந்தால் அதன் பிறகு உறவும் பலப்படுகிறது என்றது. "இவர் சொன்னதைச் செய்தேன், பயன் இருந்தது" என்ற அனுபவத்திலிருந்து நம்பிக்கை பிறக்கிறது. முதலில் உறவு, பிறகு உணவு என்று காத்திருப்பது பல நேரங்களில் வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டுவதுதான். இளம் வயதினரிடம் மட்டும் தொடக்கத்திலேயே உறவுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படலாம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

வாராவாரம் எடை பார்க்கிறார், சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொல்கிறார். இதில் அக்கறை எங்கே இருக்கிறது?

எடை பார்க்கும் விதத்தில் இருக்கிறது. எண்ணை இருவரும் சேர்ந்து பார்ப்பது, ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்தை வைத்து முடிவு செய்யாமல் பல வாரப் போக்கைப் பார்ப்பது, பயந்தபடி எடை எகிறவில்லை என்பதை நீங்களே கண்டறிய விடுவது, இவையெல்லாம் சேர்ந்தால் அது சிகிச்சை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால் அது வெறும் கணக்கெடுப்பு.

நீங்கள் அழுதால் மனமிரங்கி "சரி, இந்த வாரம் எடை வேண்டாம்" என்று விட்டுவிடும் சிகிச்சையாளர் அன்பானவராகத் தோன்றுவார். ஆனால் உங்கள் பயத்தைத் தாங்க அவராலும் முடியவில்லை என்பதுதான் உங்களுக்குப் போய்ச் சேரும் செய்தி. கலங்கினாலும் கைவிடாத, கெஞ்சினாலும் வழுவாத ஒருவர்: பவுல்பி சொன்ன "பாதுகாப்பான தளம்" (கலங்கும்போது நம்பித் திரும்பி வரக்கூடிய ஓர் ஆள்) என்பதற்கு இந்தச் சிகிச்சையில் பொருள் அதுதான்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனாள். இப்போது "எனக்கு ஒன்றுமில்லை, இனி போகத் தேவையில்லை" என்கிறாள். ஏன்?

விலகல் பிணைப்பு உள்ளவர்களிடம் இது நிறைய நடக்கும். தேவை என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்வதே அவர்களுக்கு ஆபத்தாகப் படும். அனோரெக்சியா அந்த மனநிலைக்கு வாகான நோய்: சோறும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கனடாவின் ஒட்டாவாவில் ஜார்ஜியோ டாஸ்கா குழு செய்த ஆய்வுகளில், விலகல் அதிகமாக இருந்தவர்கள் சில சிகிச்சைகளைப் பாதியில் விட்டுவிடும் போக்கு தெரிந்தது. முதல் பதிலில் வந்த முகம் திருப்பிய குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது உள்ளே துடிப்பு ஏறித்தான் இருக்கும்.

இவர்களிடம் நெருக்கத்தைத் திணித்தால் ஓடிவிடுவார்கள். இரண்டாவது அமர்விலேயே "உங்கள் அம்மாவைப் பற்றி என்ன உணர்கிறீர்கள்?" என்று தோண்டுவதைவிட, பட்டினி மூளையையும் எலும்பையும் என்ன செய்கிறது என்று தகவலாகப் பேசலாம். தேர்வுகளை அவர்கள் கையில் கொடுக்கலாம். "ஐந்தாறு வாரத்தில் விட்டுவிடத் தோன்றலாம், அப்போது சொல்லாமலே நின்றுவிடாமல் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போங்கள்" என்று முதல் நாளே பேசி வைப்பது என் வழக்கம். பெற்றோர் செய்யக்கூடியது: விவாதம் செய்யாமல் அடுத்த நேரத்தை உறுதி செய்வது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவள் என்றால் போவதா வேண்டாமா என்ற முடிவை அவளிடம் விடவே வேண்டாம்.

என் கதை நேர் எதிர். சிகிச்சையாளருக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். பதில் வராத இரவில் கட்டுப்பாடில்லாமல் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறேன். நான் மோசமானவளா?

மோசமானவர் இல்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறீர்கள். பதற்றப் பிணைப்பில் மற்றவரின் மௌனம் கைவிடப்பட்டதாகக் கேட்கும். அந்தத் தவிப்பை அடக்கும் வேலையை உணவு செய்கிறது, சில நிமிடங்களுக்கு. இந்தத் தொடரை அப்படியே அமர்வில் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழுதினீர்கள், எப்போது தவிப்பு தொடங்கியது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. கடைசிக் கேள்வி முக்கியம். பகல் முழுவதும் பட்டினி கிடந்தவருக்கு இரவில் வரும் வெறியில் பாதி உறவின் வலி, பாதி வெறும் பசி.

நல்ல சிகிச்சையாளர் எந்நேரமும் பதில் தருபவர் அல்ல. எப்போது பதில் தருவார், எப்போது தரமாட்டார், விடுப்பில் போனால் யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே சொல்லி அதன்படி நடப்பவர். ஒருநாள் நள்ளிரவில் பதில் தந்து மறுநாள் மௌனமாகிவிடுவதுதான் இந்தப் பதற்றத்துக்கு எண்ணெய். டாஸ்கா குழு 2006-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் உங்களுக்குப் பொருந்தலாம்: அளவுமீறி உண்ணும் கோளாறு உள்ளவர்களில் பதற்றப் பிணைப்பு அதிகமானவர்கள் உறவுகளை மையமாக வைத்த குழுச் சிகிச்சையில் கூடுதல் பலன் பெற்றார்கள், அது குறைவானவர்களுக்கு நடத்தைச் சிகிச்சைக் குழு நன்றாகப் பொருந்தியது.

அவர் மனம் நோகக்கூடாதே என்று சாப்பிடாததையும் சாப்பிட்டதாக எழுதுகிறேன். சொல்லிவிட வேண்டுமா?

ஆம், அடுத்த அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில். கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவீர்கள். பேச வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எடை பார்க்கும் முன் செய்யும் தந்திரங்களும் இதில் சேரும். அவற்றில் சில உயிருக்கே ஆபத்தானவை.

மற்றவரை மகிழ்வித்தால்தான் உறவு நிலைக்கும் என்று பழகியவர்கள் சிகிச்சையிலும் முதல் மாணவியாக இருக்கப் பார்ப்பார்கள். குறையே சொல்லாத, எப்போதும் புன்னகைக்கும் நோயாளியைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கவலைதான். ஏமாற்றமடைந்தாலும் அவர் உங்களைவிட்டுப் போகவில்லை என்பதைப் பார்ப்பது, சரியாக நிரப்பிய பத்துத் தாள்களைவிடப் பெரிய விஷயம்.

ஒரு சண்டை வந்துவிட்டது. ஆளை மாற்றிவிடலாமா?

முதலில் சண்டையைப் பேசுங்கள். சிகிச்சை உறவில் விரிசல் வருவதையும் சரிசெய்வதையும் ஜெரமி சஃப்ரான், கிறிஸ்டோபர் முரான் இருவரும் நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். விரிசல் இரண்டு விதமாக வரும்: வெளிப்படையாக மோதுவது, அல்லது தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் ஒதுங்கிவிடுவது. முந்தைய கேள்வியில் வந்தது இரண்டாவது வகை. கண்டுபிடிக்கக் கடினமானதும் அதுதான். நேருக்கு நேர் கோபப்பட்டிருந்தால் நீங்கள் ஒரு படி முன்னேதான் இருக்கிறீர்கள்.

ஆனால் சில சூழ்நிலைகளில் மாற்றிவிட வேண்டும். உங்கள் உடலைக் கேலி செய்பவர், உணவுக் கோளாறு என்று தெரிந்தும் எடை குறைக்க யோசனை சொல்பவர், மாதக்கணக்காக உணவைப் பற்றிப் பேச்சே எடுக்காதவர், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாதவர், சிகிச்சையைத் தாண்டிய நெருக்கத்தை நாடுபவர். கடைசி வகையில் பேசிச் சரிசெய்ய ஒன்றுமில்லை. உடனே வெளியேறுங்கள், புகார் கொடுங்கள்.

மனசு சம்பந்தப்பட்டதுதானே, அன்பான கவுன்சலர் இருக்கும்போது டாக்டர் எதற்கு?

அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உண்டால் பாஸ்பேட் சரிந்து உயிருக்கு ஆபத்து வரலாம். இவை எடையைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ தெரிவதில்லை. மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி என்றால் அமர்வுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். தற்கொலை எண்ணம் வந்தால், இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

எங்கள் வீட்டில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதுதான் பாசம். வயதுவந்த மகளிடம் அதைக் கேட்காதீர்கள் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கோ பெற்றோரே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. வளரிளம் பருவத்து அனோரெக்சியாவுக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சையையே, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2017 வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைக்கிறது. மாட்ஸ்லி மரபில் வந்த அந்த முறையில் முதல் கட்டத்தில் உணவுப் பொறுப்பு முழுவதும் பெற்றோரிடம் இருக்கும், தேறத் தேறப் பிள்ளையிடம் திரும்பும். பிள்ளை கத்துவாள், "உங்களை வெறுக்கிறேன்" என்பாள், தட்டைத் தள்ளுவாள். இதனால் பிணைப்பு முறிந்துவிடுமோ என்று பெற்றோர் நடுங்குவது இயல்பு. ஆனால் பேசுவது பெரும்பாலும் நோயின் பயம். திட்டாமல், பேரம் பேசாமல், எழுந்து போகாமல் பக்கத்தில் இருக்கும் பெற்றோர், எடை பார்க்கும் கேள்வியில் சொன்ன சிகிச்சையாளரின் வேலையைத்தான் செய்கிறார்கள்.

வயதுவந்த மகளோடு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. அவளிடம் ஒரு நாளில் ஆறு முறை கேட்கப்படும் "சாப்பிட்டாயா?", அம்மாவின் காதில் பாசமாகவும் மகளின் காதில் விசாரணையாகவும் விழுகிறது. அவளையே கேளுங்கள்: எந்த வேளையில் நான் கூட உட்கார்ந்தால் உதவியாக இருக்கும்? மாமா, சித்தி, பாட்டி எல்லோருக்கும் சேர்த்து ஒரு விதி போடலாம். உடம்பைப் பற்றிய பேச்சு, "இளைத்துவிட்டாய்", "கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, இப்போதுதான் லட்சணம்" இரண்டுமே, வேண்டாம். இரண்டாவது வாக்கியம் வாழ்த்தாகச் சொல்லப்பட்டு எத்தனை வார முன்னேற்றத்தைக் கலைத்திருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

சிகிச்சையாளருக்கும் பிணைப்புப் பாணி உண்டுதானே? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்டு. மேரி டோசியர் குழு 1994-இல், தீவிர மனநோய் உள்ளவர்களைக் கவனிக்கும் ஊழியர்களிடம் இதை ஆராய்ந்தது. அந்த ஆய்வு உணவுக் கோளாறு பற்றியது அல்ல, ஆனாலும் பாடம் பொருந்தும். பாதுகாப்பான பிணைப்பு உள்ள ஊழியர்கள், எட்டி நிற்பவரிடம் உள்ளே மறைந்திருக்கும் தேவையைக் கவனித்தார்கள். பாதுகாப்பற்றவர்கள், பற்றிக்கொள்பவர்களின் சார்புக்குள் மேலும் இழுக்கப்பட்டார்கள். விலகுபவரிடம் நாமும் விலகுவதும், தவிப்பவரிடம் நாமும் தவிப்பதும் எளிது. அதற்கு எதிர்த்திசையில் மெதுவாக நகர்வதே எங்கள் தொழில், அதற்குத்தான் மூத்தவர்களின் மேற்பார்வை. உங்கள் சிகிச்சையாளருக்கு மேற்பார்வை உண்டா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கேட்டதற்காகச் சினந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

என் பாணி மாறாமல் நோய் குணமாகுமா?

ஆகும். பதற்றக்காரராகவே இருந்துகொண்டு, ஒழுங்காக மூன்று வேளை உண்டு, வாந்தியின்றி வாழ்பவர்கள் பலர். பாணியும் கல்லில் எழுதியது அல்ல. கடினமான சிறுவயதைக் கடந்து, பின்னாளைய உறவுகளின் வழியே பாதுகாப்பான பிணைப்பை எட்டியவர்களை ஆய்வாளர்கள் தனியாகவே குறிப்பிடுகிறார்கள். சிகிச்சை அத்தகைய உறவுகளில் ஒன்றாக அமையலாம். நல்ல நட்பும் திருமணமும்கூட. பாணி மாறும்வரை சோற்றைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

20 அமர்வு என்றார்கள், 17 முடிந்துவிட்டது. குணமானால் அவரைப் பார்க்க முடியாதே என்று மறுபடி சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றுகிறது. இதை யாரிடம் சொல்வது?

அவரிடமே, 18-ஆவது அமர்வில். முடிவு நெருங்கும்போது அறிகுறி தலைதூக்குவது எங்களுக்குப் பழக்கமானது. அவர் அதிர்ச்சியடைய மாட்டார், ஏமாற்றுகிறீர்கள் என்றும் நினைக்க மாட்டார். பதற்றப் பிணைப்பு உள்ளவர்கள் இப்படி வெளிப்படையாகத் தவிப்பார்கள். விலகல் உள்ளவர்கள் கடைசி இரண்டு அமர்வுகளுக்கு வராமலே இருந்துவிடுவார்கள். இரண்டிலும் பிரிவை நேராகப் பார்க்கக் கூசும் ஒரு மனம்தான் இருக்கிறது.

அமர்வுகளைக் கூட்டிக்கொண்டே போவது பொதுவாக நல்ல விடை அல்ல. கடைசி அமர்வுகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இடைவெளி விடலாம். மறுபடி நழுவினால் முதல் வாரத்தில் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்று எழுத்தில் ஒரு திட்டம் போடலாம். இந்த வகை நடத்தைச் சிகிச்சையில், முடிந்து ஏறத்தாழ 20 வாரம் கழித்து ஒரு மறுஆய்வு அமர்வு வைப்பார்கள். அதற்கான தேதியை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.